காலமறிந்து தொழில் புரிந்த கோவை மேதை ஜி. டி. நாயுடு

கொங்கு நாட்டுத் திருக்கோயில்களுக்குத் திருவிழாக் காலங்களில் வந்து கூடும் அடியார்களுள் பெரும்பாலோர் இன்று பேருந்திலேயே வருகின்றனர். காரமடை அரங்கநாதப் பெருமாளின் மாசித் தேரைச் சேவிக்க வருவோராயினும், பழனி மலைக்குக் காவடி எடுத்துச் செல்வோராயினும், வண்டி இன்ன நேரத்தில் புறப்படும், இன்ன நேரத்தில் ஊர் சேரும் என்ற நம்பிக்கையோடுதான் வீட்டிலிருந்து கிளம்புகின்றனர். ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன் அத்தகைய நம்பிக்கைக்கு இடமில்லை. இருக்கைகள் நிறைந்த பிறகே வண்டி நகரும். வழியில் என்ஜின் சூடேறி நின்றால் ஓட்டுநரும் பயணிகளும் சாலையோரப் புளியமர நிழலில் அமர்ந்திருப்பர். பயணம் என்பது பாதி காத்திருத்தல் என்று மக்களும் ஏற்றுக்கொண்டிருந்தனர். அந்நிலையை ஏற்க மறுத்தவர் கோவை தந்த பெருமகனார் திரு. ஜி. டி. நாயுடு அவர்கள். விஞ்ஞானி என்றும், விந்தை மனிதர் என்றும் அன்னாரை உலகம் போற்றும். அவர் கண்ட கருவிகளின் பட்டியலையே பலரும் வியந்து சொல்வர். ஆயின் அக்கருவிகள் யாவும் எதற்காகப் பிறந்தன என்று நோக்கினால், ஒரு தொழில் நடக்கும் வழியில் காலமும் உழைப்பும் எங்கே வீணாகின்றன என்று தேடிய ஒரு மனிதரின் வாழ்க்கை புலப்படும்.

கோவைக்குக் கிழக்கே, சூலூருக்கு அருகில் உள்ள கலங்கல் என்னும் சிற்றூரில், கோபால்சாமி நாயுடு அவர்களின் திருமகனாராக 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் துரைசாமி பிறந்தார். அன்னையை மிக இளமையிலேயே இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வாரி இறைத்துவிட்டு ஓடிய பிள்ளை என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. தந்தையார் தோட்ட வேலைக்கு அனுப்பினார். அங்கே தமிழ் நூல்களைத் தாமே படித்து அறிவை வளர்த்துக்கொண்டார்.

அவ்வூருக்கு ஒருநாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். இங்கிலாந்தில் செய்யப்பட்ட ரட்ஜ் வண்டி அது. மாடும் குதிரையும் இல்லாமல் தானே ஓடும் அவ்வண்டியைக் கண்ட இளைஞரின் உள்ளம் அதிலேயே ஒன்றிவிட்டது. அதனை வாங்கும் பணம் ஈட்டுவதற்காகவே ஊரை விட்டுக் கோவைக்கு வந்து உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் பணியாளாகச் சேர்ந்தார். சில ஆண்டுகள் உழைத்துச் சேமித்த பணத்தைக் கொண்டு அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். விடுதி வேலையில் அவர் கற்றது என்ன என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எனினும், பந்தியில் பரிமாறிய அனுபவம் உள்ள எவரும் ஒன்றை அறிவர். சாதத்துக்கு ஒரு நடை, குழம்புக்கு ஒரு நடை, நெய்க்கு ஒரு நடை என்று சமையற்கட்டுக்கு ஓடுகிறவன் களைத்துப் போவான், இலையும் காயும். ஒரே நடையில் மூன்றையும் கொண்டுவருகிறவன் பந்தியை முடித்துவிட்டு நிற்பான்.

வாங்கிய வண்டியில் ஏறி ஊர்வலம் வருவதோடு அவர் நிறைவு கொள்ளவில்லை. அதனை அக்கக்காகக் கழற்றினார். ஒவ்வோர் உறுப்பும் எதற்காக இருக்கிறது என்று அறிந்து மீண்டும் பூட்டினார். இக்காரியத்தை அவர் வாழ்நாள் முழுவதும் செய்துகொண்டே இருந்தார் எனலாம். முதலில் வண்டியைக் கழற்றினார். பின்னர்ப் பேருந்துத் தொழிலை, கல்லூரிப் பாடத்திட்டத்தை, வீடு கட்டும் முறையை, வாக்குப் பதிவை என ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். பயன் இல்லாத உறுப்பு எங்கே கண்ணில் பட்டாலும் அதனை நீக்காமல் விட அவருக்கு மனம் வரவில்லை.

இடையில் ஒரு வீழ்ச்சியும் நேர்ந்தது. முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பஞ்சு அரைவை ஆலை நடத்திப் பெரும் பொருள் ஈட்டினார். அப்பணத்தோடு பம்பாய்க்குச் சென்று பருத்திச் சூதாட்ட வாணிகத்தில் இறங்கி, ஈட்டியதை எல்லாம் இழந்து கோவைக்குத் திரும்பினார். அதன்பின் அவர் கை வைத்த தொழில்களைப் பார்த்தால், தம் கண்ணால் கண்டு, கையால் தொட்டுத் திருத்தக்கூடியவையாகவே அவை இருக்கக் காண்கிறோம்.

கோவை நகரின் ஆலைத் தொழிலுக்கு வித்திட்டவர்களுள் ஒருவரான சர் இராபர்ட் ஸ்டேன்ஸ் துரை அவர்கள் இளைஞரின் திறமையை உணர்ந்து உதவினார். 1920ஆம் ஆண்டில் ஒரே ஒரு பேருந்தோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே நாயுடு அவர்கள் சேவையைத் தொடங்கினார். ஓட்டுநரும் அவரே, முதலாளியும் அவரே. உடுமலைப்பேட்டை வழியாகச் செல்லும் அந்தச் சாலையில் நாள்தோறும் வண்டியை ஓட்டிய காரணத்தால், தொழிலின் குறைகள் அனைத்தும் கணக்கேட்டின் வழியாக அல்லாமல் நேரடியாகவே அவர் கண்ணில் பட்டன. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யூ.எம்.எஸ்., என்ற பெயரோடு வளர்ந்த அந்நிறுவனம் 1933ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 280 வண்டிகளைக் கொண்டதாயிற்று. நாட்டின் மிகச் சிறந்த பேருந்து நிறுவனங்களுள் ஒன்று என்ற பெயரும் அதற்குக் கிடைத்தது.

இவ்வளர்ச்சிக்குக் காரணம் யாது? வண்டிகளின் எண்ணிக்கையை மட்டும் பெருக்கியவர் பலர் இருந்தனர். ஒரு வண்டியில் உள்ள குறை பத்து வண்டிகளில் பத்து மடங்காகும் என்பதை அவர்கள் எண்ணவில்லை. நாயுடு அவர்கள் மூன்று இடங்களில் காலம் கசிவதைக் கண்டார்.

முதலாவது, பேருந்து நிலையம். வண்டி எப்போது வரும், எப்போது புறப்படும் என்று பயணிக்குத் தெரியாது. தெரியாத காரணத்தால் விடியலிலேயே வந்து காத்திருப்பார். அல்லது தாமதமாக வந்து வண்டியைத் தவறவிடுவார். வண்டியும் ஆட்களுக்காகக் காத்துக் கிடக்கும். இருபுறமும் காத்திருப்பு, எவருக்கும் பயன் இல்லை. வண்டி வரும் நேரத்தையும் புறப்படும் நேரத்தையும் காட்டும் கருவியை நிலையத்திலேயே அவர் பொருத்தினார். சிறிய காரியந்தான். ஆயின் அதன் விளைவைச் சற்று ஆழ்ந்து நோக்குதல் தகும். நேரத்தை எழுதி மாட்டிய பிறகு முதலாளி தப்பித்துக்கொள்ள வழியில்லை. ஐந்து நிமிடம் பிந்தினாலும் கூடியிருக்கும் அனைவருக்கும் அது தெரியும்.

மேலைநாடுகளில் ஏறக்குறைய அதே காலத்தில் இதே சிந்தனை வேறு வடிவில் நடைபெற்றது. அமெரிக்காவில் பிரடெரிக் டெய்லர் என்பார் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரத்தால் அளந்து, 1911ஆம் ஆண்டில் நூல் வெளியிட்டார். ஹென்றி போர்டு 1913ஆம் ஆண்டில் மோட்டார் வண்டியை நகரும் வரிசையில் வைத்துப் பூட்டச் செய்ததால், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. அங்கே கடிகாரம் மேற்பார்வையாளரின் கையில் இருந்தது. தொழிலாளியை நோக்கிப் பிடிக்கப்பட்டது. கோவையில் அது பயணியின் கண்ணெதிரே வைக்கப்பட்டது; முதலாளியையும் சேர்த்தே அளந்தது. இவ்வேறுபாடு சிறியதன்று.

இரண்டாவது, பயணச்சீட்டு. நடத்துநர் ஒவ்வொருவருக்கும் ஊரும் கட்டணமும் கையால் எழுதிக் கிழித்துத் தரவேண்டும். கூட்டம் மிகுந்த நாளில் எழுதி முடிப்பதற்குள் இறங்கும் ஊர் வந்துவிடும். மாலையில் அந்தத் துண்டுச் சீட்டுகளை எல்லாம் மறுபடி கூட்டிச் சரிபார்க்க இன்னொருவர் வேண்டும். கணக்கில் காசு குறைந்தால் நேர்மையான நடத்துநர் மீதும் ஐயம் விழும். சீட்டு வழங்கும் இயந்திரத்தை நாயுடு அவர்கள் தம் பேருந்துகளில் கொண்டுவந்தார். எழுதும் வேலை ஒழிந்ததால் நேரம் மிஞ்சியது என்பது ஒரு பயன். உழைப்பவன் மீது வீண்பழி விழாமல் இருப்பதற்கும் அது துணை நின்றிருக்கும் என்பதைச் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

மூன்றாவது, நடுவழியில் நிற்கும் வண்டி. கெட்டுப்போன பிறகு பழுது பார்ப்பதே அந்நாளைய வழக்கம். நின்ற வண்டியால் அன்றைய வருவாய் போகும். பயணிகளின் அன்றைய வேலை போகும். அடுத்த வண்டியின் நேரமும் குலையும். என்ஜின் பழுதாகும் முன் அதன் அதிர்வு மாறுபடும். வைத்தியர் நாடி பார்ப்பதைப் போல அவ்வதிர்வைச் சோதித்துக் குறையை முன்னரே அறிந்துகொள்ளும் கருவியை அவர் அமைத்தார். நோய் வருமுன் காப்பது என்பதைச் சித்த மருத்துவத்திலும் ஈடுபாடு கொண்டிருந்த அப்பெரியார் இயந்திரத்துக்கும் பொருந்தச் செய்தார்.

திருக்கோயில் நடைமுறையை அறிந்தவர்களுக்கு இவையெல்லாம் புதுமையாகத் தோன்றா. மடைப்பள்ளியில் தளிகை ஆயத்தமாகும் நேரம், திருமஞ்சனத்துக்கு நீர் வந்து சேரும் நேரம், மாலை கட்டி முடியும் நேரம் ஆகியவை ஒன்றோடொன்று இசைந்தாலன்றி அன்றைய வழிபாடு முறையாக நடவாது. ஒன்று பிந்தினால் சேவார்த்திகள் அனைவரும் வெளியே நிற்க நேரும். திருவரங்கத்தில் உடையவர் கைங்கரியங்களை வகுத்து, இன்னார்க்கு இன்ன பணி என்று நிலைநிறுத்தியதைக் கோயிலொழுகு விரித்துரைக்கும். அந்த ஒழுங்கு வாணிகத்தில் இல்லாதிருந்தது. அதனை அங்கே கொண்டுவந்ததே நாயுடு அவர்களின் பணி.

பைக்காரா நீர்மின் நிலையம் 1932ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய பின் கோவையின் ஆலைகளும் கிணறுகளும் மின்சாரத்தை நாடின. மோட்டார்களோ கடல் கடந்து வரவேண்டியிருந்தன. ஒரு மோட்டார் பழுதுபட்டால் அதற்குரிய உறுப்பு கப்பலில் வரும்வரை தறியும் ஏற்றமும் நிற்கும். 1937ஆம் ஆண்டில் திரு. டி. பாலசுந்தரம் நாயுடு அவர்களோடு இணைந்து, இந்தியாவில் உருவான முதல் மின் மோட்டார் எனப் போற்றப்படும் மோட்டாரைப் பீளமேட்டில் உருவாக்கினார். கோவை மாநகர் பின்னாளில் மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர் பெற்றதன் தொடக்கங்களுள் அதுவும் ஒன்று.

ஐரோப்பா, அமெரிக்கா முதலிய நாடுகளுக்குப் பயணம் செய்து அங்குள்ள தொழிற்சாலைகளைக் கண்டார். உலர் மின்கலத்தால் இயங்கும் ரேசண்ட் என்னும் முகச்சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் சுழலும் விசிறி என அவர் ஆக்கியவை பல. இவற்றை விரித்துரைக்க இங்கு இடமில்லை. ஆயினும் வாக்குப் பதிவு இயந்திரம் ஒன்றை மட்டும் குறிப்பிடாமல் இருத்தல் ஆகாது. 1936ஆம் ஆண்டு மாகாணத் தேர்தலில் போட்டியிட்டுத் தோல்வியுற்றவர் அவர். முறைகேட்டுக்கு இடம் தராத வாக்குப் பதிவு இயந்திரத்தையும் அவர் அமைத்தார். நம் நாட்டில் மின்னணு வாக்குப் பதிவு இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது 1982ஆம் ஆண்டில், கேரளத்தின் பரவூர்த் தொகுதியில். அதனைக் காண நாயுடு அவர்கள் அப்போது இல்லை.

வீடு கட்டுவதில் அவர் காட்டிய விந்தையைக் கோவை மக்கள் நெடுநாள் பேசினர். காலை 6 மணிக்கு அடித்தளம் தொடங்கி, மாலை 5 மணிக்குள், 11 மணி நேரத்தில் ஒரு வீட்டை எழுப்பி முடித்தார். இதில் மந்திரம் ஏதுமில்லை. ஆயத்தமாகச் செய்து வைத்த பகுதிகளை இடத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கும் முறை அது. கொத்தன் செங்கல்லுக்குக் காத்திருப்பதும், செங்கல் வந்தபின் சுண்ணாம்புக்குக் காத்திருப்பதும், தச்சன் வரவில்லை என்று நிலைப்படி காத்திருப்பதுமே ஒரு வீட்டை மாதக்கணக்காக்குகின்றன. காத்திருப்பை எடுத்துவிட்டால் எஞ்சும் வேலை ஒரு பகற்பொழுதுதான் என்பதை அவர் ஊரறியக் காட்டினார்.

இதுவரை கூறியவை எல்லாம் வெற்றிகள். அவர் வாழ்வின் மறுபாதியை மறைத்தல் உண்மைக்கு மாறாகும்.

1944ஆம் ஆண்டில் மோட்டார்த் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகிய நாயுடு அவர்கள் கல்விப் பணியில் கருத்தைச் செலுத்தினார். அவருடைய நன்கொடையால் 1945ஆம் ஆண்டில், அந்நாளைய சென்னை ஆளுநர் சர் ஆர்தர் ஹோப் அவர்களின் பெயரால் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் கோவையில் தோன்றின. அவரே தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் பொறியியல் கல்லூரியை நடத்தினார்! பழைய வழக்கப்படியே அங்கும் அவர் பாடத்திட்டத்தைக் கழற்றிப் பார்த்தார். நான்கு ஆண்டுகளில் கற்பிப்பதை இரண்டே ஆண்டுகளில் கற்பித்துவிடலாம், எஞ்சிய காலம் மாணவனின் இளமையையும் பெற்றோரின் பொருளையும் வீணாக்குவது என்பது அவர் துணிபு. அரசு அதனை ஏற்கவில்லை. மனம் ஒப்பாத நிலையில் பொறுப்பைத் துறந்து வெளியேறினார். அவர் ஊன்றிய அக்கல்லூரியே இன்று கோவை தடாகம் சாலையில் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது.

இவ்வழக்கில் நியாயம் யார் பக்கம்? பேருந்துக்கு நேரம் குறிப்பது வேறு, மாணவனுக்கு நேரம் குறிப்பது வேறு என்று அரசின் பக்கம் நின்று சொல்லலாம். சில பாடங்கள் மனத்தில் ஊறக் காலம் வேண்டும். எந்த அவசரமும் அதனைக் குறைக்காது. ஆயினும் அந்த நான்கு ஆண்டுகளில் எத்தனை மாதங்கள் கற்றலில் கழிகின்றன, எத்தனை மாதங்கள் வெறுமனே கழிகின்றன என்று நாயுடு அவர்கள் எழுப்பிய கேள்விக்கு உரிய விடை அன்றும் கிடைக்கவில்லை. பொறியியல் படிக்கும் பிள்ளைகளைப் பெற்ற இன்றைய பெற்றோரும் அதனைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றனர்.

ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941ஆம் ஆண்டில் அறிவித்தார். இருவர் அமரும் சிறு காரை 2,000 ரூபாய் விலையில் 1952ஆம் ஆண்டில் உருவாக்கினார். அதனைத் தொடர்ந்து செய்வதற்கு அரசின் உரிமம் கிடைக்கவில்லை. தம் பட்டறையில் உள்ள ஒவ்வொரு தாமதத்தையும் களைந்தவரால், அலுவலகங்களின் படிகளில் ஏறி இறங்கும் கோப்பின் தாமதத்தைக் களைய முடியவில்லை. கழற்றிப் பார்க்க அது அவருடைய இயந்திரம் அன்று. உரிமத்துக்காகப் பொறுமையோடு வாதாடுவதும், இசைந்து போவதும் அவர் இயல்புக்கு ஒவ்வாதவை. வரிவிதிப்பு முறையைக் கண்டித்துத் தாம் செய்த கருவிகளைப் பொதுமக்கள் முன்னிலையில் தாமே உடைத்து நொறுக்கியதும் உண்டு. ஒரு நிமிடத்தையும் ஓர் ஆணியையும் வீணாக்க ஒப்பாத பெருமகனார், பல நாள் உழைப்பில் விளைந்த பொருளை ஒரு மாலைப் பொழுதில் வீணாக்கினார். அவரை நேசிப்பவர்களுக்கும் அது வருத்தம் தரும் நிகழ்ச்சியே. சினத்தால் சொல்ல வந்த செய்தி, உடைந்த துண்டுகளோடு கலந்து போயிற்று. உரிமம் வழங்கும் முறையும் அதனால் மாறவில்லை.

எனினும் அவர் ஓய்ந்து அமரவில்லை. தோட்டத்தில் பத்தடி உயரம் வளரும் பருத்தி முதலிய பயிர் ஆராய்ச்சிகளில் ஈடுபட்டார். சர் சி. வி. இராமன், சர் எம். விசுவேசுவரய்யா ஆகிய பேரறிஞர்கள் அவர் முயற்சிகளைக் கண்டு பாராட்டினர். 1967ஆம் ஆண்டில் கோவையில் தொழிற் கண்காட்சியை நிறுவினார். கருவியைப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதைவிட, அது எப்படி இயங்குகிறது என்பதைக் கிராமத்துப் பிள்ளையும் வந்து பார்க்கவேண்டும் என்பதற்கு அக்கண்காட்சி சான்று. வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைத் தொட்டுப் பார்க்க ஏங்கிய கலங்கல் கிராமத்து இளைஞரை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியவில்லை.

1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் நாயுடு அவர்கள் மறைந்தார். அவர் திரட்டிய பொருள்களையும் உருவாக்கிய கருவிகளையும் கோவை அவினாசி சாலையில் உள்ள அருங்காட்சியகத்தில் காணலாம். திருவிழாவுக்கு வரும் வெளியூர் அன்பர்கள் ஒரு முற்பகலை அதற்கு ஒதுக்கினால் இழப்பில்லை. அதே அவினாசி சாலையில், உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு எழுப்பப்பட்ட மேம்பாலம் 2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் திறக்கப்பட்டு, ஜி. டி. நாயுடு மேம்பாலம் என்று பெயர் பெற்றுள்ளது. கீழே உள்ள சந்திப்புகளில் நின்று காத்திராமல் வண்டிகள் அதன் மேல் சென்றுகொண்டிருக்கின்றன.